பெருநாள் இனிப்புக்கு நல்ல கச்சானை முதலில் ஒதுக்குவோம்

நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் ஆகிய மூன்றும் மூன்று கிழமைக்குள் அடுத்தடுத்து வருகின்றன. வன்னிக் கமக்காரக் குடும்பங்களில் கையிருப்பு மிகக் குறைந்திருக்கும் காலமும் அதுவே. பெரும்போக நெல் இன்னும் வயலில் நிற்கும். சிறுபோகத்தில் கிடைத்தது உழவுக்கும் உரத்துக்கும் பழைய கடனுக்கும் போயிருக்கும். மழை நாட்களில் கூலி வேலையும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இருப்பவர்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் கூடுதலானது. இப்படியான நேரத்தில்தான் கடைகளில் மினுங்கும் தாள் சுற்றிய சொக்லேட்டுகள் பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால் அடுக்கி வைக்கப்படுகின்றன.

பெருநாள் என்றால் பிள்ளைகளுக்கு ஓர் இனிப்பு வேண்டும். அயல் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு தட்டும் வேண்டும். எத்தனை முறை இடம்பெயர்ந்தாலும் அயலுக்குப் பலகாரம் கொடுக்கும் வழக்கத்தை எமது மக்கள் விட்டுவிடவில்லை. அந்தத் தட்டைக் கடையில் வாங்கி நிரப்புவது பல குடும்பங்களுக்கு இயலாத காரியம்.

ஆகவே, சொக்லேட்டும் கச்சானும் சேர்ந்த ஓர் இனிப்பை வீட்டிலேயே செய்யும் முறையை இங்கே தருகின்றோம். மெல்லிய சூட்டில், அதிக வேலையில்லாமல் செய்யக்கூடியது. சொக்லேட் வாங்க வசதியில்லாதவர்களுக்காகப் பனங்கட்டியில் செய்யும் முறையும் உண்டு. செய்முறை இலகுவானது. ஆனால் அதற்கு முன் கச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விடயம் ஒன்றுள்ளது. நல்ல கச்சானை வியாபாரிக்கு விற்றுவிட்டு, கழித்துப் போட்டதை வீட்டுப் பலகாரத்துக்கு வைக்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். காரணத்தைக் கீழே விளக்குகின்றோம்.

மெல்லிய சூட்டின் கதை

அமெரிக்காவிலும் கனடாவிலும் நத்தார்க் காலத்தில் இவ்வினிப்பை மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பானையில் செய்கின்றார்கள். வறுத்த கச்சானை அடியில் பரப்புவார்கள். சொக்லேட் கட்டிகளை உடைத்து மேலே போடுவார்கள். மூடியை மூடி, மிகக் குறைந்த சூட்டில் ஒன்றிரண்டு மணித்தியாலம் விட்டுவிடுவார்கள். பின்னர் கிளறி, கரண்டியால் அள்ளித் தாளில் வைத்து ஆறவிடுவார்கள். வேலை அவ்வளவுதான்.

அந்தப் பானை பிறந்த வரலாறு சுவையானது. யூத மக்கள் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் அவரையும் தானியமும் இறைச்சியும் சேர்த்த பானையைச் சூடு ஆறாத அடுப்பில் வைத்துவிடுவார்கள். அது இரவு முழுவதும் மெதுவாக வெந்து, மறுநாள் உணவுக்குத் தயாராகிவிடும். லித்துவேனியாவில் தமது ஊரில், ரொட்டி சுடும் போறணையின் மிச்சச் சூட்டில் இப்படிச் சமைத்ததைத் தாய் சொல்லக் கேட்ட இர்விங் நக்சன் என்ற அமெரிக்கர், மின்சாரத்தால் மெதுவாகச் சூடாகும் பானையொன்றை உருவாக்கி 1940 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1971 இல் ஒரு நிறுவனம் அதனைத் திருத்தியமைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே அது உலகெங்கும் பரவியது. ஏழை வீடுகளின் சிக்கனமே இன்றைய நவீன பானையாக மாறியிருக்கின்றது.

அந்தச் சிக்கனம் எமக்கும் புதிதல்ல. தொதல் கிண்டிய எவருக்கும் மெல்லிய நெருப்பின் அருமை தெரியும். 1990 ஆனியில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின், வன்னிக்கு எரிபொருளும் பற்றரியும் உரமும் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், விறகும் உமியும் மரத்தூளுமே பல வீடுகளின் அடுப்பை எரித்தன. 2022 இல் நாடு முழுவதும் சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, பழைய அடுப்புகளைப் பலர் மீண்டும் தேடினார்கள். மின்சாரப் பானை இல்லை என்பது இந்த இனிப்புக்குத் தடையல்ல. வேண்டியது மெதுவான, சீரான சூடு மட்டுமே.

சொக்லேட்டுக்கு ஏன் மெல்லிய சூடு வேண்டும்? சொக்லேட்டில் உள்ள கொக்கோக் கொழுப்பு எமது உடற்சூட்டைவிடச் சற்றுக் குறைந்த வெப்பத்தில், ஏறக்குறைய 34 பாகை செல்சியசில் உருகிவிடும். வாயில் போட்டவுடன் கரைவது அதனால்தான். நேரடி நெருப்பில் வைத்தால் அடி பிடித்து, கருகிக் கசந்துவிடும். கச்சானும் அப்படியே. கடும் நெருப்பில் வறுத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். மெல்லிய நெருப்பில் வறுத்தால் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேறி, முறுகி, வாசம் எழும்.

எமது கொட்டை கச்சான்

கொக்கோ மரம் ஈரமும் நிழலும் உள்ள இடத்தை விரும்புவது. இலங்கையில் பெரும்பாலும் மாத்தளை, கண்டி, குருநாகல் மாவட்டங்களிலேயே அது பயிராகின்றது. வன்னியின் வரட்சி அதற்கு ஒத்துவராது. ஆகவே சொக்லேட்டை நாம் விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆனால் இந்த இனிப்பின் பெரும்பாதி கொட்டை. அந்தப் பாதி எமது கையிலேயே இருக்கின்றது.

கச்சானும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர்தான். ஆயினும் எமது மணல் கலந்த செம்மண்ணையும் மேட்டுக்காணியையும் அது தனது சொந்த மண்ணாக்கிக்கொண்டது. நெல்லைப் போல் அதிக தண்ணீர் கேட்பதில்லை. மூன்று தொடக்கம் நான்கு மாதத்தில் பிடுங்கலாம். அவரை இனமாகையால் வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. பிடுங்கிய கொடி ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனாகின்றது. திஸ்ஸ, வலவ, இந்தி முதலிய இனங்களை விவசாயத் திணைக்களம் எமது நாட்டுக்கென வெளியிட்டுள்ளது.

சத்திலும் கச்சான் குறைந்ததல்ல. நூறு கிராம் பருப்பில் ஏறக்குறைய 25 கிராம் புரதமும், அரைவாசிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெயும் உண்டு. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த அந்திரே பிரியோ என்ற குழந்தை மருத்துவர் 1996 இல் கச்சான் களி, பால்மா, சீனி, எண்ணெய், உயிர்ச்சத்துகள் ஆகியவற்றைக் கலந்து மெலிந்துபோன பிள்ளைகளுக்கான உணவொன்றை உருவாக்குவதில் பங்குகொண்டார். ‘பிளம்பி நட்’ எனப்படும் அந்த உணவு, பஞ்சமும் போரும் தாக்கிய நாடுகளில் எண்ணற்ற பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கின்றது. அதன் அடிப்படை, எமது தோட்டத்தில் விளையும் இதே கொட்டைதான்.

இனிப்பு மறைக்கும் கசப்பு

கச்சான் விற்கும் போது நாம் என்ன செய்கின்றோம்? நிறைந்த, பருத்த காய்கள் மூடையில் ஏறுகின்றன. சுருங்கியதும் வெடித்ததும் மழையில் நனைந்ததும் கடகத்தில் ஒதுக்கப்படுகின்றன. ‘வீணாக்கக் கூடாது, வீட்டுத் தேவைக்கு ஆகும்’ என்று அதனை வைத்துக்கொள்கின்றோம். வறுமையில் பிறந்த இப்பழக்கம் சிக்கனமாகவே தோன்றும். ஆனால் இதில் பெரிய ஆபத்து இருக்கின்றது.

1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்குக் கொடுத்த கச்சான் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது தெரியவந்தது. அந்தப் பூஞ்சணம் சுரக்கும் நஞ்சுக்கு அஃபிளாரொக்சின் என்று பெயரிட்டார்கள். அது ஈரலைத் தாக்கும் நஞ்சு. ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் பி வைரசு உடலில் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். 2004 இல் கென்யாவில் பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்டதால் 317 பேர் நோயுற்று, அவர்களில் 125 பேர் இறந்தார்கள். வரட்சியில் விளைச்சல் குறைந்து, இருந்த சோளத்தை ஈரமாகவே வீட்டுக்குள் சேர்த்து வைத்த கமக்காரக் குடும்பங்களே அங்கு அதிகம் பாதிக்கப்பட்டன.

இந்த நஞ்சைப் பற்றி மூன்று விடயங்களை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, வறுத்தால் அது முற்றாக அழிவதில்லை. ஓரளவு குறையும், அவ்வளவுதான். அவித்தாலும் அப்படியே.

இரண்டாவது, நஞ்சு எல்லாக் கொட்டையிலும் சமமாக இருப்பதில்லை. ஒரு கடகம் கச்சானில் சில கொட்டைகளிலேயே பெரும்பகுதி சேர்ந்திருக்கும். ஆகவே கையால் தெரிந்து கழிப்பதே மிகப் பெரிய பாதுகாப்பு. இதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. வெளிச்சமும் பொறுமையும் போதும்.

மூன்றாவது, இனிப்புச் செய்வோர் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது. கெட்ட கச்சானைத் தனியே கடித்தால் பெரும்பாலும் கசக்கும். உடனே துப்பிவிடுவோம். அந்தக் கசப்பே இயற்கை தரும் எச்சரிக்கை. பனங்கட்டிப் பாகிலோ சொக்லேட்டிலோ அதனை மூடிவிட்டால் கசப்புத் தெரியாது. சொக்லேட்டின் சொந்தக் கசப்போடு கசப்பாக அது கலந்துவிடும். பிள்ளை துப்பாது, விழுங்கிவிடும். சும்மா தின்னும் கச்சானைவிட இனிப்புக்குப் போடும் கச்சானை இரட்டிப்புக் கவனத்துடன் தெரிய வேண்டியது இதனால்தான்.

காய வைத்தல், வைத்திருத்தல்

எமது நத்தார்க் கச்சான் பெரும்பாலும் ஆடி, ஆவணியில் பிடுங்கிய சிறுபோகக் கச்சான். அது ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் எமது வீட்டில் கழிக்கின்றது. தறப்பாள் கூரையின் கீழ், மண் நிலத்தில், ஈரம் நாலு பக்கமும் ஏறும் கொட்டிலில் மூடை இருந்தால், நன்றாகக் காய்ந்த கச்சானும் கெட்டுப்போகும். ஆகவே பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

பிடுங்கியவுடன் கொடியோடு குவித்து வைக்கக் கூடாது. காய்கள் மேலே தெரியும்படி திருப்பி, வெயிலில் பரப்ப வேண்டும். ஆய்ந்த பின் காய்களை வெறும் நிலத்தில் போடாமல் பாயிலோ தறப்பாளிலோ மெல்லிதாகப் பரப்பிக் காய விடவும். அந்தியில் பனி விழுமுன் குவித்து மூடவும்.

காய்ந்ததா என்பதைக் கையாலேயே அறியலாம். காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பை விரலிடையே தேய்த்தால் செந்தோல் உரிய வேண்டும். கடித்தால் வளையாமல் படக்கென்று உடைய வேண்டும். பருப்பில் ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள். இந்த மூன்று சோதனையிலும் தேறிய கச்சான் ஏறக்குறைய அந்த அளவுக்குக் காய்ந்ததாகவே இருக்கும்.

கோதுடனேயே வைத்திருங்கள். கோது பருப்புக்கு இயற்கை தந்த உறை. உடைத்த பருப்பு விரைவில் ஈரத்தையும் பூச்சியையும் வாங்கிக்கொள்ளும். மூடையைக் கற்களின் மேல் வைத்த பலகையில், சுவரில் முட்டாமல் வைக்கவும். மழைக்காலத்தில் வெயில் எறிக்கும் நாள் கிடைத்தால் வெளியே எடுத்து மறுபடி காய விடவும்.

அறுவடை நாளிலேயே கச்சானை மூன்று பங்காகப் பிரியுங்கள் என்பதே எமது ஆலோசனை. முதற் பங்கு விதைக்கு. 1995 இல் வலிகாமத்திலிருந்தும், 1996 இல் கிளிநொச்சியிலிருந்தும், 2008, 2009 இல் வன்னி முழுவதிலுமிருந்தும் எழுந்து ஓடியவர்கள் வீட்டோடு விதையையும் விட்டுவிட்டு வந்தவர்கள். விதை இல்லாத கமக்காரன் மற்றவர் கையை எதிர்பார்த்து நிற்பது எப்படி என்பது எமக்குத் தெரியும். இரண்டாம் பங்கு வீட்டுக்கு. அதுவும் தெரிந்தெடுத்த நல்ல காயாக இருக்க வேண்டும். மிகுதி விற்பனைக்கு. பெருநாள் இனிப்புக்கு அதிகம் வேண்டியதில்லை. கோதோடு 2 கிலோ இருந்தால் 1 கிலோவுக்கு மேல் பருப்புத் தேறும். கீழே தரும் இரண்டு வகை இனிப்பையும் செய்ய அது போதும்.

மரத்தூள் அடுப்பு

மெதுவான சூட்டுக்கு மிகப் பொருத்தமானது மரத்தூள் அடுப்பு. ஒரு அடி உயரமுள்ள வெற்று பிஸ்கட் தகரம் அல்லது பால்மாத் தகரம் ஒன்றை எடுங்கள். பெயின்ற், பூச்சிமருந்து இருந்த தகரங்கள் வேண்டாம். பக்கத்தில், அடியை ஒட்டி, இரண்டு அங்குல அகலத்தில் ஒரு துவாரம் வெட்டுங்கள். தகரத்தின் நடுவில் ஒரு போத்தலை நிறுத்துங்கள். பக்கத் துவாரத்தினூடாக ஒரு தடியைச் செருகி, போத்தலில் முட்டும்படி வையுங்கள். பின்னர் நன்றாகக் காய்ந்த மரத்தூளைச் சுற்றிவரப் போட்டு இறுக்கி இடியுங்கள். மரத்தூள் போதாவிட்டால் உமியைக் கலந்துகொள்ளலாம். மேல்மட்டம் வரை நிரம்பிய பின் போத்தலைத் திருகி மெதுவாக வெளியே எடுங்கள். தடியையும் உருவுங்கள். இப்போது காற்று போக ஒரு வழி கிடைத்துவிட்டது.

தகரத்தின் மேல் மூன்று சிறு கற்களையோ இரும்புத் துண்டுகளையோ வைத்து, அவற்றின் மேல் பாத்திரத்தை வைக்கவும். பக்கத் துவாரத்தால் சிறு சுள்ளியைக் கொளுத்திச் செருகவும். ஆரம்பத்தில் புகை வரும். பின்னர் தூள் உள்ளிருந்து மெல்ல மெல்லக் கனன்று பல மணித்தியாலத்துக்குச் சூடு தரும். இடையில் விறகு தள்ள வேண்டியதில்லை. இந்த அடுப்பைத் திறந்த வெளியில் அல்லது காற்றோட்டமான தாழ்வாரத்தில் மட்டுமே எரிக்கவும். மூடிய கொட்டிலுக்குள் எரித்தால் நச்சுப் புகை தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். மரத்தூள் கிடைக்காதவர்கள், சோறு வடித்த பின் மிஞ்சும் தணலில் சாம்பலை மெல்லிதாகத் தூவி அதன் மேல் சமைக்கலாம்.

கச்சான் சொக்லேட்

தேவையான பொருட்கள்: கோதுடைத்த கச்சான் 500 கிராம்; சமையல் சொக்லேட் கட்டி 400 கிராம்; உப்பு ஒரு சிட்டிகை; விரும்பினால் வறுத்த தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி.

கேக் பொருட்கள் விற்கும் கடைகளில் சமையல் சொக்லேட் கிடைக்கும். கொக்கோக் கொழுப்பால் ஆனது விலை கூடியது, விரைவில் இளகுவது. தாவரக் கொழுப்புச் சேர்த்தது விலை குறைந்தது. எமது வெப்பத்தில் சற்று இறுக்கமாகவும் நிற்கும். வீட்டு இனிப்புக்கு இரண்டாவது வகை போதும்.

1. கச்சானைச் சுளகில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரியவும். சுருங்கியது, நிறம் மாறியது, பச்சை அல்லது கருமை படர்ந்தது, பூச்சி துளைத்தது, முளைத்தது ஆகிய அனைத்தையும் கழிக்கவும். கழித்ததைக் கோழிக்கோ மாட்டுக்கோ போட வேண்டாம். வான்கோழிகளுக்கு நேர்ந்தது எமது கோழிக்கும் நேரும். மாட்டுக்குக் கொடுத்தால் பாலிலும் நஞ்சு இறங்கும். புதைத்துவிடுங்கள்.

2. தாச்சியில் இரண்டு கைப்பிடி காய்ந்த மணலைப் போட்டுச் சூடாக்கி, கச்சானைக் கொட்டி, மெல்லிய நெருப்பில் கிளறிக் கிளறி வறுக்கவும். அரிதட்டில் மணலை அரித்து நீக்கி, ஆறிய பின் கைகளிடையே தேய்த்து, தோலைப் புடைத்து நீக்கவும். தோல் நீக்கும்போது மறுபடி ஒருமுறை பார்க்கவும். தோலுக்குள் மறைந்திருந்த கறுத்த பருப்புகள் இப்போது தெரியவரும். மணல் ஒரு துளியும் இருக்கக் கூடாது. மணலில்லாமல் வெறுந் தாச்சியிலும் வறுக்கலாம். ஆனால் கை ஓயக் கூடாது.

3. பெரிய சட்டியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு அடுப்பில் வைக்கவும். அதன் வாயில் நன்றாகப் பொருந்தும் சிறிய பாத்திரம் ஒன்றை வைக்கவும். அதன் அடி தண்ணீரில் தொடாமல் ஆவியில் மட்டும் சூடாக வேண்டும். தண்ணீர் கொதித்துப் பொங்க வேண்டாம்.

4. உட்பாத்திரத்தில் கச்சானைப் பரப்பி உப்பைத் தூவவும். சொக்லேட்டைச் சிறு துண்டுகளாக உடைத்து மேலே போடவும். கிளற வேண்டாம். சுத்தமான காய்ந்த துணியை மேலே விரித்து, அதன் மேல் மூடி வைக்கவும். மூடியில் சேரும் ஆவித் துளிகளை அத்துணி உறிஞ்சிக்கொள்ளும்.

5. அரை மணித்தியாலத்துக்குப் பின் பார்த்தால் சொக்லேட் வடிவம் மாறாமலே இளகியிருக்கும். இளகாவிட்டால் இன்னும் கால் மணித்தியாலம் விடவும். பின் காய்ந்த மர அகப்பையால் அடியிலிருந்து மெல்லப் புரட்டி, எல்லாக் கொட்டையிலும் படும்படி கலக்கவும்.

6. தேக்கரண்டியால் அள்ளி, எண்ணெய்த் தாளிலோ எண்ணெய் பூசிய தட்டிலோ சிறு சிறு குவியலாக வைக்கவும். மேலே தேங்காய்த் துருவலைத் தூவலாம். நிழலான, காற்றுப்படும் இடத்தில் ஆறவிடவும். 40க்கு மேற்பட்ட துண்டுகள் கிடைக்கும்.

இதில் பிழைக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: தண்ணீர். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் உருகிய சொக்லேட் கட்டிபட்டுத் திரளும். பாத்திரம், கரண்டி, கை மூன்றும் உலர்ந்திருக்க வேண்டும். கச்சானைப் போடாமல் சொக்லேட்டைத் தனியே உருக்கும்போது அப்படித் திரண்டுவிட்டால் எறிய வேண்டாம். சூடான பாலைச் சிறிது சிறிதாக விட்டுக் கரைத்தால் பிள்ளைகளுக்குச் சொக்லேட் பானமாகக் கொடுக்கலாம்.

கச்சான் பனங்கட்டித் தட்டு

தேவையான பொருட்கள்: வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 500 கிராம், பனங்கட்டி 300 கிராம், தண்ணீர் கால் கோப்பை, இடித்த வேர்க்கொம்பு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் நான்கு. விரும்பினால் கொக்கோத் தூள் ஒரு மேசைக்கரண்டி. சிறிய கொக்கோப் பெட்டி ஒன்றை நாலு வீட்டார் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு கரண்டியிலேயே பிள்ளைகள் கேட்கும் சொக்லேட் வாசம் வந்துவிடும்.

பனங்கட்டியைக் குட்டானிலிருந்து எடுத்து நொறுக்கி, தண்ணீரில் கரைத்து, ஓலைத் தும்பும் மண்ணும் போக வடிக்கவும். வடித்ததை அடி தடித்த தாச்சியில் விட்டு, மெல்லிய நெருப்பில் காய்ச்சவும். நுரை பெரிதாக எழுந்து பின் சிறிதாகி, பாகு தடிக்கும். ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பார்க்கவும். கரைந்தால் போதாது. மெதுவாக உருட்ட வந்தால் உருண்டைக்கு ஆகும். உருட்டியதைத் தட்டில் போட, ‘டொக்’ என்று சத்தம் கேட்டால் தட்டுக்கு ஆகும். உடனே இறக்கி, வேர்க்கொம்பு, ஏலம், கொக்கோ, கச்சான் ஆகியவற்றைப் போட்டு விரைவாகக் கிளறவும். எண்ணெய் பூசிய தட்டில் கொட்டி, எண்ணெய் பூசிய உருளையால் அழுத்திப் பரப்பவும். சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு கீறிவிட்டால் ஆறிய பின் உடைக்கச் சுகம். பாகு கொதிநீரைவிடச் சூடானது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பிள்ளைகளை அடுப்படியிலிருந்து தள்ளி வைக்கவும்.

கருப்பநீர் இறக்கும் காலத்தில் பனங்கட்டியை வாங்கி வைப்போருக்கு விலை சாதகமாக இருக்கும். அது ஈரத்தை இழுக்கும் பொருள். காற்றுப் புகாத தகரத்தில் வைத்தால் மட்டுமே மார்கழி மழையில் கசியாமல் இருக்கும். செய்து முடித்த இனிப்பும் அப்படியே. இறுக்கமான மூடியுள்ள தகரத்திலோ போத்தலிலோ அடைத்து வையுங்கள்.

சிறு பிள்ளைகள் கவனம்

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கினால் நிமிடங்களில் உயிர் போய்விடும். அவர்களுக்கென ஒரு பங்கு கச்சானை உரலில் நன்றாக இடித்து, மாவாக்கி, இளம் பாகில் மெதுவான உருண்டையாகப் பிடித்துக் கொடுங்கள். சிலருக்குக் கச்சான் ஒவ்வாது. தின்றவுடன் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அயலுக்குக் கொடுக்கும்போது ‘இதில் கச்சான் இருக்கின்றது’ என்று சொல்லிக் கொடுப்பது நல்லது.

விற்பனைக்குச் செய்வோர்

ஆவணி 15 மடுத் திருவிழாவாகட்டும், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலாகட்டும், கச்சான் கடை இல்லாத திருவிழா எமது பிரதேசத்தில் இல்லை. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் இத்தொழிலில் இருக்கின்றார்கள். நத்தார்க் காலத்தில் வெப்பம் குறைவாகையால் கச்சான் சொக்லேட்டையும் விற்கலாம். வைகாசி, ஆவணி வெயிலில் அது கையிலேயே உருகிவிடும். அக்காலத்துக்குப் பனங்கட்டித் தட்டே ஏற்றது.

விலை வைக்கும்போது கச்சானைச் ‘சொந்தத் தோட்டத்தது, செலவில்லை’ என்று கணக்கில் விடாதீர்கள். வியாபாரி தரக்கூடிய விலையை அதற்குப் போடுங்கள். தெரிதல், வறுத்தல், காய்ச்சல், பொதி செய்தல் ஆகிய வேலைக்குச் செலவான மணித்தியாலத்துக்கு நாட்கூலி விகிதத்தில் கூலி போடுங்கள். பனங்கட்டி, சொக்லேட், விறகு, பை எல்லாவற்றையும் கூட்டி, துண்டுகளின் எண்ணிக்கையால் பிரித்தால் ஒரு துண்டின் அடக்கவிலை தெரியும். அதற்குக் குறைவாக விற்பது உழைப்பை இலவசமாகக் கொடுப்பதாகும். பொதியில் செய்த திகதியையும் சேர்த்த பொருட்களையும் எழுதுங்கள். தொடர்ந்து விற்க எண்ணுவோர் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே கண்டு கதைப்பது பிற்பாடு வரும் சிக்கலைத் தவிர்க்கும்.

மாதர் சங்கங்கள் இதனைக் கூட்டு வேலையாகச் செய்தால் நன்மை அதிகம். பத்துப் பேர் சுற்றியிருந்து தெரியும்போது ஒருவர் கண்ணில் தப்பியது மற்றவர் கண்ணில் படும். ஒரே அடுப்பில் ஒரே நாளில் நாலைந்து வீட்டுக்கான இனிப்பையும் முடித்துவிடலாம்.

இவ்வருடக் கச்சானை ஏற்கனவே விற்றுவிட்டவர்கள் சந்தையில் கோதோடு வாங்குங்கள். உடைத்த பருப்பை வாங்குவதாயின் நாலு பருப்பைக் கடித்துப் பார்த்து வாங்குங்கள். வரும் சிறுபோகத்தில் கச்சான் போடவிருப்போர், அறுவடையன்று மூடை கட்டுமுன், பருத்த நல்ல காயில் ஒரு கடகம் பிள்ளைகளின் பெயரில் எடுத்து வையுங்கள். வியாபாரி வருவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.